மோசல் கரையில் மூன்று கோட்டைகள்: இரண்டு நாள் இருந்தால் எதற்குப் போவது?

ஜெர்மனிக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு கோட்டையாவது பார்த்துவிட வேண்டும், எதற்குப் போகலாம்?" கேட்கும்போதே அவர்கள் மனதில் நொய்ஷ்வான்ஷ்டைன் இருக்கும். மலைமேல் வெள்ளைக் கோபுரங்களோடு நிற்கும் அந்தப் படத்தை எங்காவது ஒரு நாட்காட்டியில் பார்த்திருப்பார்கள். அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் 1869-இல் கட்டத் தொடங்கிய அரண்மனை. அதன் சுவர்கள் எந்த முற்றுகையையும் கண்டதில்லை. 1886-இல் அரசர் இறந்தார். ஏழே வாரத்தில் டிக்கெட் போட்டு மக்களை உள்ளே விட்டார்கள். இன்றும் அங்கே குறித்த நேரத்துக்கு வரிசையில் நின்று, அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். நடுக்காலக் கோட்டை ஒன்றை, அது நிற்கும் காட்டோடும் ஆற்றோடும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவரை நான் மோசல் ஆற்றங்கரைக்கு அனுப்புகிறேன்.

மோசல் ட்ரியரிலிருந்து வளைந்து நெளிந்து வந்து கோப்ளென்ஸ் நகரில் ரைனோடு கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில், சுமார் முப்பது கிலோமீட்டருக்குள், மூன்று கோட்டைகள் இருக்கின்றன: மோசல்கெர்ன் ஊருக்கு மேலே காட்டுக்குள் எல்ட்ஸ், கோகெம் நகரின் தலைக்கு மேலே ரைக்ஸ்புர்க், பைல்ஷ்டைன் கிராமத்துக்கு மேலே மெட்டர்நிக் கோட்டை. மூன்றும் நடுக்காலத்தில் எழுந்தவை. மூன்றின் தலையெழுத்தையும் எழுதியது ஒரே ஆண்டு: 1689.

முந்தைய ஆண்டு, 1688-இல், பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் படைகள் ரைன் பகுதிக்குள் நுழைந்தன. ஃபால்ஸ் (ரைன் கரையில் இருந்த ஒரு சிற்றரசு) வாரிசுரிமைப் போர் என்று ஜெர்மானியர் சொல்லும் போர் அது. பிடித்த இடங்களையெல்லாம் தக்கவைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்ததும், எதிரிக்குப் பயன்படக்கூடிய எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று பிரெஞ்சுப் படை முடிவு செய்தது. ஹைடல்பெர்க், ஷ்பையர், வோர்ம்ஸ் எல்லாம் அந்த ஆண்டு எரிந்தன. மோசல் கரையிலும் வெடிமருந்து வைத்துக் கோட்டைகளைத் தகர்த்தார்கள். இந்த மூன்றில் ஒன்று தப்பியது. ஒன்று விழுந்து, இருநூறு ஆண்டு கழித்து மறுபடி எழுப்பப்பட்டது. ஒன்று விழுந்தபடியே இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, இவற்றில் எந்தக் கதையை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதிலிருந்துதான் நான் பதில் தேடுவேன்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், நடக்க முடியும் என்றால், மாதம் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் என்றால், தயங்காமல் எல்ட்ஸுக்குப் போங்கள். அங்கேயும் நடந்தே போங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காரில் வருகிறவர்கள் மேட்டின்மேல் இருக்கும் நிறுத்தத்தில் இறங்கி, சிறு பஸ்ஸிலோ சாலை வழியே நடந்தோ கீழே இறங்கி வருகிறார்கள். கோட்டையை அவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள். படங்களில் வரும் காட்சியும் அதுதான். மோசல்கெர்ன் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பவருக்கு வழி வேறு. ஊரைத் தாண்டி, எல்ட்ஸ் ஓடையின் ஓரமாக, ரிங்கல்ஷ்டைன் என்ற பழைய மாவரைக்கும் ஆலை வரை சாலை. அதற்குப் பிறகு காட்டுப் பாதை. தண்ணீர் ஒரு பக்கம் சலசலத்துக்கொண்டே வரும். ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஒன்றேகால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். முடிவில் மட்டும் படிகளும் கொஞ்சம் மூச்சு வாங்கும் ஏற்றமும். வழி நெடுகக் கோட்டை கண்ணில் படாது. திடீரென்று மரங்களுக்கு மேலே ஒரு சுவர் தெரியும், அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேலே கோபுரங்கள். ஓடை மூன்று பக்கமும் சுற்றி வளைக்கும் ஒற்றைப் பாறையின்மேல் அத்தனையும் நெருக்கிக்கொண்டு நிற்கும். இந்தக் காட்சியைச் சம்பாதிக்கத்தான் அந்த ஒன்றரை மணி நேரம்.

எல்ட்ஸ் என்ற பெயர் 1157-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் வருகிறது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரே குடும்பத்தின் சொத்தாக இருக்கிறது. அரசர்களின் கோட்டைகளைவிட இந்தக் கோட்டை என்னை அதிகம் இழுப்பதற்குக் காரணம் இதில் உள்ள பாகப்பிரிவினை. 1268-க்கு முன்பே மூன்று சகோதரர்கள் கோட்டையையும் நிலங்களையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கெம்பனிக், ரூபனாக், ரோடன்டோர்ஃப் என்று மூன்று கிளைகள் உண்டாயின. யாரும் கோட்டையை விட்டுப் போகவில்லை. ஒரே மதிலுக்குள், ஒரே முற்றத்தைச் சுற்றி, ஒவ்வொரு கிளையும் தனக்கென்று வீடு கட்டிக்கொண்டது. தனித்தனி வாசல், தனித்தனி அடுப்பு. இடம் போதாதபோது பக்கவாட்டில் விரிய முடியாது, பாறை அவ்வளவுதான். அதனால் மேலே மேலே கட்டினார்கள். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டோடு உயரத்தில் போட்டி போடுவதுபோல் தெரியும். மரச்சட்ட மாடங்களும் கூர்க்கூரைகளும் பல நூற்றாண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியவை. யார் எந்தச் செலவை ஏற்பது, சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பது என்பதையெல்லாம் எழுதி ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த முற்றத்தை விளக்கவே வேண்டாம்.

உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும். சுமார் நாற்பது நிமிடம். அதற்குள் மூன்று இடங்களில் கண்ணை வைத்திருங்கள். ரூபனாக் வீட்டின் படுக்கையறைச் சுவர் முழுக்கக் கொடியும் பூவுமாக வரைந்திருக்கிறது. அதன் ஓரத்தில் சுவரை வெளியே துருத்திக் கட்டிய குட்டிப் பிரார்த்தனை மாடம். பலிபீடத்துக்கு மேலே மனிதர் குடியிருக்கக் கூடாது என்பதால் அதற்கு மேல் தளம் வராதபடி வெளியே தள்ளிக் கட்டினார்கள். அடுத்தது, மூன்று கிளைகளும் கூடிப் பேசிய வீரர் மண்டபம். அங்கே சுவரில் விதூஷக முகங்கள், கதவுக்கு மேலே ஒரு ரோஜா. முகங்கள், இங்கே எதையும் மனம் விட்டுப் பேசலாம் என்பதற்கு. ரோஜா, பேசியது இந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பதற்கு. கடைசியாக ரோடன்டோர்ஃப் வீட்டுச் சமையலறை. பதினைந்தாம் நூற்றாண்டுச் சமையலறை அது. அந்த அடுப்பின் முன்னால் நிற்கும்போது, இது காட்சிக்காகக் கொண்டுவந்து வைத்த பொருள் இல்லை, எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது என்ற எண்ணம் உடம்பில் ஏறும். மற்ற இரண்டு கோட்டைகளிலும் இந்த ஓர் அனுபவம் கிடைக்காது.

எல்ட்ஸ் தப்பியது வீரத்தால் அல்ல, சொந்தக்காரரால். ஹான்ஸ் அன்டன் என்ற எல்ட்ஸ் குடும்பத்துக்காரர் அப்போது பிரெஞ்சுப் படையில் உயர் அதிகாரி. தகர்க்க வேண்டிய கோட்டைகளின் பட்டியலிலிருந்து தன் குடும்பக் கோட்டையை அவர் விலக்கிவிட்டார் என்று சொல்கிறார்கள். அதற்கு முன்னால் எல்ட்ஸ் சந்தித்த பெரிய ஆபத்து, ட்ரியர் பேராயர் பால்டுவின் 1331-இல் தொடங்கிய சண்டை. எதிர்ப்பக்க மேட்டில் ட்ரூட்ஸ்எல்ட்ஸ் என்று ஒரு முற்றுகைக் கோட்டையை எழுப்பி, அங்கிருந்து கல்லெறிந்து, ஐந்தாண்டில் எல்ட்ஸ் பிரபுக்களைப் பணிய வைத்தார். அந்த முற்றுகைக் கோட்டையின் இடிபாடு இப்போதும் மேட்டில் நிற்கிறது. முற்றுகையிடப்பட்டது முழுசாக இருக்க, முற்றுகையிட்டது இடிந்து கிடக்கிறது. திரும்பும் வழியில் கொஞ்சம் சுற்றினால் இதையும் பார்த்துவிடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கோடை வார இறுதிகளில் கூட்டம் மிகுதி; முற்றத்தில் உங்கள் முறைக்காக நெடுநேரம் காத்திருக்க நேரலாம். அதனால் காலையில் முதல் ரயிலைப் பிடியுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் முடியும்வரை கோட்டை பூட்டியிருக்கும். தள்ளுவண்டிக் குழந்தையோடு மோசல்கெர்ன் வழி வரவே வேண்டாம்.

கோகெமில் இந்தச் சிரமம் எதுவும் இல்லை. ரயிலைவிட்டு இறங்கியதுமே, ஆற்றுக்கு நூறு மீட்டருக்கு மேலே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ரைக்ஸ்புர்க் தெரியும். பருவகாலத்தில் ஊருக்குள்ளிருந்து சிறு பஸ் மேலே போகிறது. அம்மா இங்கே வந்திருந்த கோடையில், முழங்கால் வலியோடு எல்ட்ஸ் காட்டுப் பாதையை நினைக்கவே முடியாது என்பதால் அவரை இங்கேதான் அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, மதில் ஓரத்தில் உட்கார்ந்து ஆற்றில் போகும் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நாளில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும். 1051-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் வரும் பழைய கோட்டை, பிறகு பேரரசரின் கோட்டையாகி, 1294-இல் அரசர் அடோல்ஃப் அதை ட்ரியர் பேராயரிடம் அடகு வைத்தார், மீட்கப்படவே இல்லை. 1689 மே மாதம் பிரெஞ்சுப் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. அதன்பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அங்கே கற்குவியல்தான். 1868-இல் லூயி ராவனே என்ற பெர்லின் இரும்பு வணிகர் அந்தக் குவியலை விலைக்கு வாங்கினார். மிஞ்சியிருந்த பழைய கோபுரப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு, பழைய செதுக்கோவியங்களை முன்னால் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிடித்தமான கோதிக் பாணியில் தன் குடும்பத்துக்குக் கோடைகால வீடு ஒன்றைக் கட்டினார். 1877-இல் வேலை முடிந்தது. அதே ஆண்டுதான் கோகெமின் பக்கத்து மலையைக் குடைந்து நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ரயில் சுரங்கம் முடிந்தது. கோபுரமும் சுரங்கமும் ஒரே காலத்துப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் ரைக்ஸ்புர்க் சரியாகப் புரியும்.

மரத்தில் இழைத்த கூரைகள், சேகரித்து வைத்த மறுமலர்ச்சிக்கால நாற்காலிகள், வேட்டை அறை, கோபுரத்தின் வெளிச்சுவரில் பளபளக்கும் புனித கிறிஸ்டோபரின் மொசைக் எல்லாம் நன்றாகவே செய்யப்பட்டிருக்கின்றன. நடுக்காலத்தை நேசித்த ஒரு பணக்கார வீட்டின் ரசனை அது. அந்த நூற்றாண்டில் ரைன், மோசல் கரையெங்கும் இந்தக் காய்ச்சல் பரவியிருந்தது. பிரஷ்ய இளவரசர்களே ரைனோரம் ஷ்டோல்ட்சன்ஃபெல்ஸ், ரைன்ஷ்டைன் இடிபாடுகளைத் தமதாக்கி வீடாக்கினார்கள். அந்தக் காலத்தைப் பார்க்க வருகிறவருக்கு ரைக்ஸ்புர்க் நல்ல இடம். நடுக்காலக் கோட்டையைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள வருகிறவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெளியிலிருந்து பார்த்தாலே அதன் அழகில் பெரும்பங்கு கிடைத்துவிடும். எதிர்ப்புறம் இருக்கும் பின்னர்க்ராய்ட்ஸ் பாறைக்குத் தொங்குநாற்காலியில் ஏறிப் போய்ப் பாருங்கள். கோட்டை, ஆறு, ஊரின் கருங்கூரைகள் மூன்றும் ஒரே பார்வையில் விழும்.

இனி பைல்ஷ்டைன். நான் எத்தனை முறை போனாலும் சலிக்காத இடம்.

கோகெமிலிருந்து ஆற்றின் எதிர்த்திசையில் பத்துப் பதினோரு கிலோமீட்டர். பஸ் உண்டு; ஆனால் கோடையில் பயணிகள் படகில் போங்கள், ஒரு மணி நேரம். வழியில் ஃபாங்கெல் அருகே படகு மதகுக்குள் நுழையும். கதவு மூடி, தண்ணீர் ஏறி, படகு மெதுவாக உயர்வதைக் குழந்தைகள் கோட்டையைவிட அதிகமாக நினைவில் வைத்திருப்பார்கள். பைல்ஷ்டைனில் ரயில் இல்லை, பாலம் இல்லை. அக்கரைக்குப் போக ஒரு பரிசல்துறை. மரச்சட்ட வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரண்டு மூன்று சந்துகள்தான் ஊரே. நூற்றைம்பது பேர்கூட இல்லாத இந்தக் கிராமம் 1309-இல் நகர உரிமை பெற்றது என்றால் நம்புவது கடினம்.

ஊருக்கு மேலே பத்துப் பதினைந்து நிமிட ஏற்றத்தில் மெட்டர்நிக் கோட்டை. பதினேழாம் நூற்றாண்டில் இதைப் பெற்ற மெட்டர்நிக் குடும்பத்திலிருந்துதான் பின்னாளில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த ஆஸ்திரிய அமைச்சர் கிளெமென்ஸ் மெட்டர்நிக் வந்தார். அவர் பிறந்தபோது இந்தக் கோட்டை இடிந்து எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1689-இல் பிரெஞ்சுக்காரர்கள் தகர்த்தபின் யாரும் இதை மீண்டும் கட்டவில்லை. ஐந்து பக்கக் கோபுரம் மட்டும் உயரமாக நிற்கிறது, ஏறிப் பார்க்கலாம். மற்றதெல்லாம் மதில் துண்டுகள், கூரையில்லாத அறைகள், வானத்தைப் பார்க்கும் ஜன்னல்கள்.

வழிகாட்டி இல்லை, நேரம் குறித்த டிக்கெட் இல்லை. சில யூரோக்கள் கொடுத்துவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் முறை போகிறவர் ஏமாந்துபோவதுண்டு: "இங்கே என்ன இருக்கிறது?" என்று. அதற்காகத்தான் எல்ட்ஸைப் பார்த்த மறுநாள் இங்கே வரச் சொல்கிறேன். எல்ட்ஸில் சுவருக்குள் மறைந்திருந்ததெல்லாம் இங்கே வெட்டி வைத்ததுபோல் வெளியே தெரியும். சுவர் எத்தனை அடி கனம், இரண்டு முகங்களுக்கு நடுவில் எப்படிச் சில்லுக்கல்லும் சுண்ணாம்பும் இட்டு நிரப்பினார்கள், தளத்தின் உத்தரங்கள் எந்தத் துளையில் செருகியிருந்தன, கணப்படுப்பின் புகை எந்தச் சுவருக்குள் ஏறியது, எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். கூரையும் தளமும் போன ஒரு வீடு தன்னைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு முழுசான வீடு சொல்வதில்லை. நேற்று பார்த்த படுக்கையறையை மனதில் எடுத்து வந்து, இந்த வெற்றுச் சுவர்களுக்கு நடுவில் நீங்களே வைத்துப் பார்ப்பீர்கள். ஒரு நாளுக்குள் கட்டடம் படிக்கக் கற்றுக்கொண்டதுபோல் இருக்கும்.

இடிபாட்டை இப்படியே விடலாமா, எடுத்துக் கட்டலாமா என்பது ஜெர்மனியில் பெரிய வாதமாகவே நடந்திருக்கிறது. ஹைடல்பெர்க் அரண்மனையின் ஒரு பகுதியைப் புதுப்பித்து முடித்ததும், மற்ற பகுதிகளையும் கூரை போட்டு எழுப்ப வேண்டும் என்று திட்டம் வந்தது. 1901-இல் கலை வரலாற்றறிஞர் கெயோர்க் டேஹியோ அதைக் கடுமையாக எதிர்த்தார். இருப்பதைக் காப்பாற்றுவோம், இல்லாததைக் கற்பனை செய்து கட்ட வேண்டாம் என்பது அவர் நிலை. அங்கே பெரும்பகுதி இன்றும் இடிபாடாகவே நிற்பதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். கோகெமையும் பைல்ஷ்டைனையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த வாதத்தின் இரண்டு பக்கமும் உங்கள் முன்னால் நிற்கும். நான் டேஹியோ பக்கம். மெட்டர்நிக் கோட்டைக்கு யாராவது ஒரு செல்வந்தர் கூரை போட்டிருந்தால், இந்த ஆற்றங்கரைக்கு இன்னொரு நாற்காலிக் கண்காட்சி கிடைத்திருக்கும். உடைந்த சுவரோரம் உட்கார்ந்து, கீழே ஆறு வளைவதைப் பார்த்துக்கொண்டு, 1689-ஐ நேருக்கு நேர் சந்திக்கும் இடம் போயிருக்கும்.

கோட்டைக்குப் பின்னால் இன்னும் சிறிது மேலே நடந்தால் பைல்ஷ்டைன் யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டம். மரங்களுக்கு நடுவே எபிரேய எழுத்துக் கற்கள். பெரும்பாலானவர்கள் கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போய்விட்டு வாருங்கள், சத்தம் போடாமல்.

ஆக, இரண்டு நாள் இருப்பவருக்கு என் யோசனை இது: கோகெமில் அறை எடுங்கள். கோப்ளென்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். முதல் நாள் காலையில் மோசல்கெர்ன் வரை ரயில் (எல்லா ஊர்களிலும் நிற்கும் வண்டியைப் பிடியுங்கள், விரைவு வண்டி அங்கே நிற்காது), அங்கிருந்து நடந்து எல்ட்ஸ். மாலையில் கோகெமுக்குத் திரும்பி, விளக்குப் போட்ட ரைக்ஸ்புர்க்கைப் பாலத்திலிருந்து பாருங்கள். மறுநாள் படகில் பைல்ஷ்டைன். ரைக்ஸ்புர்க் உள்ளே போவதா என்பதை அன்று மாலை மிஞ்சும் நேரத்துக்கு விட்டுவிடுங்கள்.

வயதானவர்களோடு வந்தால் வரிசை மாறும். ரைக்ஸ்புர்க் முதலில், படகுப் பயணம் அடுத்து. எல்ட்ஸுக்குக் கார் ஏற்பாடு செய்து, மேல் நிறுத்தத்திலிருந்து சிறு பஸ்ஸில் இறங்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் எல்ட்ஸ் காட்டுப் பாதையே அவர்களுக்கு விளையாட்டு. குளிர்காலத்தில் எல்ட்ஸ் மூடியிருக்கும், மெட்டர்நிக் கோட்டையும் அநேகமாகப் பூட்டியிருக்கும், ரைக்ஸ்புர்க்கில் திறந்திருக்கும் நாட்கள் குறையும். அப்போது வந்தவர்கள் மனம் தளர வேண்டாம்: கோகெமிலிருந்து எண்டர்ட் ஓடையோரமாக நடந்து ஏறினால் வின்னேபுர்க் இருக்கிறது. அதுவும் மெட்டர்நிக் குடும்பத்தினுடையதாக இருந்தது, அதுவும் 1689-இல் தகர்ந்தது. கதவு இல்லை, காவல் இல்லை, டிக்கெட் இல்லை. இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவில் அதன் கோபுரம் கோடையைவிடத் தெளிவாகத் தெரியும். செருப்பு மட்டும் வேண்டாம். ஈரமான ஸ்லேட் கல் வழுக்கும்.

பைல்ஷ்டைனுக்குப் போகும் நாளில், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் கடைசிப் பஸ்ஸின் நேரத்தையும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வார நாளுக்கும் ஞாயிறுக்கும் அட்டவணை வேறு. கோபுரத்தின்மேல் நிற்கும்போது நேரம் போவது தெரியாது.